அந்தப் பையன் கடைசிப் பக்கத்துல ஏன் ஜெயிச்சே ஆகணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல மாற்றுத்திறனாளி குழந்தைங்களைப் பத்தின படக்கதை புக்ஸ் தமிழ்லயும் வர ஆரம்பிச்சிருக்கு, எல்லாரும் வாங்கிப் பிள்ளைங்களுக்குக் குடுங்க, தன்னம்பிக்கை வளரும்னு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. சந்தோஷம். ஒரு பேப்பர் இதுக்கு இவ்வளவு இடம் ஒதுக்குறதே பெருசுதான். ஆனா அந்தப் பக்கத்து நடுவுல மாதிரிக்குன்னு ஒரு குட்டிக்கதை இருந்துச்சு பாருங்க, அதுதான் என்னை எழுத வச்சிருச்சு. கக்கத்துல கட்டை வச்ச பையன், கிளாஸ்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்க, அவன் ராத்திரி பகலா ப்ராக்டிஸ் பண்றான், ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்குக் கட்டையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடி ஜெயிக்கிறான், கிண்டல் பண்ணவங்க எல்லாம் நின்னு கை தட்டுறாங்க, முடிஞ்சு போச்சு.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் சிறப்பு பயிற்றுநரா வேலை பாக்குறேன். ஸ்கூலுக்கு வந்து உக்கார முடியாத பிள்ளைங்க வீட்டுக்கே போய் சொல்லிக் குடுக்குறது எங்க வேலைல ஒரு பாதி, மீதிப் பாதி ரிஜிஸ்டர் எழுதுறது, அதை விடுங்க. ஸ்கூட்டி டிக்கில எப்பவும் நாலஞ்சு படக்கதை புக் கிடக்கும். அதனால இந்த மாதிரி கதையெல்லாம் ஒரு வீட்டுக்குள்ள போனா அங்க என்ன நடக்குதுன்னு கண்ணால பாக்குற வாய்ப்பு எனக்கு நிறையவே கிடைச்சிருக்கு, எழுதுறவங்களுக்கும் படம் போடுறவங்களுக்கும் அது அவ்வளவா கிடைக்காது.

புக்கை நாம பிள்ளைக்குன்னுதான் வாங்குறோம். ஆனா நான் ஒரு வீட்டுல உக்காந்து சத்தமா வாசிச்சா கேக்குறது பிள்ளை மட்டுமா, அப்பத்தா திண்ணைல இருந்து கேக்குது, அம்மா அடுப்படில இருந்து கேக்குறாங்க, பக்கத்து வீட்டு அக்கா சின்ன வெங்காயத்தை முறத்துல போட்டுக் கையோட எடுத்துட்டே வந்து உக்காந்துரும். கதை முடிஞ்சதும் பிள்ளை ஒண்ணும் சொல்லாது, இவங்கதான் பேசுவாங்க. 'பாத்தியாடா தங்கம், அந்தப் பையன் விடாம முயற்சி பண்ணி நடந்துட்டான், நீ என்னடான்னா படுத்தே கெடக்க' அப்படின்னு அப்பத்தா சொல்லும். திட்டுறதுக்காகச் சொல்றது இல்ல, பாசத்துலதான் சொல்லுது, கண்ணுல தண்ணி கூட இருக்கும். ஆனா அன்னைலேருந்து அந்த வீட்டுல அந்தப் புக்ல வர்ற பையன் ஒரு அளவுகோலா நின்னுருவான். சாப்பிடும்போது அவன் பேரு வரும், எக்சர்சைஸ் பண்ணும்போது அவன் பேரு வரும், சொந்தக்காரங்க வந்தா அவங்ககிட்டயும் சொல்லுவாங்க. காகிதத்துல வரைஞ்ச ஒரு பையன்கூட நிஜப் பையன் தினம் போட்டி போடணும்.

இதுல ரொம்ப மாட்டிக்கிறது தசைச்சிதைவு இருக்குற பசங்க. டூஷென்னு ஒரு வகை இருக்கு, பெரும்பாலும் ஆம்பளைப் பிள்ளைங்களுக்குத்தான் வரும். மூணு நாலு வயசுல அடிக்கடி விழுவான், கெண்டைக்கால் நல்லா புஷ்டியா தெரியும், பாக்குறவங்க பையன் கனமா இருக்கான்னு நினைச்சுக்குவாங்க, தரைல இருந்து எந்திரிக்கும்போது ரெண்டு கையையும் தொடையில ஊனி தன் உடம்பு மேலயே ஏறுற மாதிரி எந்திரிப்பான். தசைக்கு வேண்டிய ஒரு புரதம் ஜீன் கோளாறால உடம்புல உருவாகுறது இல்ல, அதான் காரணம். பன்னிரண்டு வயசு வாக்குல பல பசங்க வீல்சேருக்கு வந்துருவாங்க. இப்ப மருந்து மாத்திரை, நீட்டி மடக்குற பயிற்சி, மூச்சுக்கான கவனிப்புன்னு பாத்துக்கிட்டா முன்னைவிட ரொம்ப வருஷம் நல்லா இருக்காங்க, ஆனா ஓடி ஓடிப் பழகுனா சரியாயிரும்ங்குறது அங்க நடக்கவே நடக்காது, அளவுக்கு மீறி வருத்துனா அந்தத் தசை இன்னும் சேதமாகும்னுதான் டாக்டர்ங்க எச்சரிக்கிறாங்க. இந்தப் பையன் கைல போய் விடாமுயற்சி கதையைக் குடுத்தா அது அவனுக்கு என்ன சொல்லும்? நேத்து நடந்த தூரம் இன்னைக்கு நடக்க முடியல, அடுத்த வருஷம் இன்னும் குறையும், அவன் கதை ஓடுற திசையே வேற. இப்படி ஒரு பையனோட அம்மா ஒரு கதையைக் கேட்டுட்டு சாயங்காலம் பையனை மாடிப்படி ஏறி இறங்க வச்சிருக்காங்க, பிசியோதெரபிஸ்ட் வந்து சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்துனாங்க. அந்தம்மா மேல எனக்குக் கோவமே இல்லங்க, கையில கிடைச்ச ஒரே நம்பிக்கை அந்தப் புக்குதான், அதைப் பிடிச்சுக்கிட்டாங்க.

இந்தக் கடைசிப் பக்க வியாதி நம்மூர்ல மட்டும்னு நினைக்காதீங்க. ஹெய்டின்னு ஒரு சுவிட்சர்லாந்து கதை, உலகம் பூரா பிள்ளைங்க படிச்சது, 1881ல அதோட ரெண்டாவது பாகம் வந்துச்சு, அதுல வீல்சேர்ல இருக்குற கிளாரா மலைக்குப் போவா, ஆட்டுப்பாலும் நல்ல காத்தும் உடம்பைத் தேத்தும், ஆடு மேய்க்கிற பையன் பொறாமைல சேரை மலைல இருந்து தள்ளி விட்டு நொறுக்கிருவான், கடைசில கிளாரா நடந்துருவா. சேர் நொறுங்குனாதான் பொண்ணு நடப்பாங்குற மாதிரி. வீல்சேர்ல இருக்குற பிள்ளைக்கு அந்த சேர் உடம்போட ஒரு பாகம்ங்க, அதை உடைக்கிறது ஹேப்பி எண்டிங்கா? எங்ககிட்ட வர்ற ஒரு பொண்ணு தன் சேர்ல ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கா, அதைத் தொட்டா யாரா இருந்தாலும் கடிச்சு வச்சிரும்.

அடுத்தது படம். எழுத்தை விட படத்துலதான் எனக்கு எரிச்சல் அதிகம், ஏன்னா படக்கதைல பாதி கதை படம்தானே. இன்னமும் மாற்றுத்திறனாளி பிள்ளைன்னு வரையச் சொன்னா முக்கால்வாசி பேருக்கு கக்கத்துல கட்டை, மெலிஞ்ச ஒரு கால், இதுதான் கைக்கு வருது. அது போலியோ காலத்துப் படம். இந்தியாவுல கடைசியா இயற்கையான போலியோ கிருமி தாக்குன கேஸ் 2011 ஜனவரில ஹவுரால வந்தது, 2014 மார்ச்ல நமக்குப் போலியோ இல்லன்னு சர்டிபிகேட்டே குடுத்துட்டாங்க. எங்க அப்பா தலைமுறைல தெருவுக்கு ஒருத்தர் கால்ல கேலிப்பர்னு இரும்புப் பட்டை போட்டிருப்பாங்க, இன்னைக்கு நான் போற வீடுகள்ல போலியோ பிள்ளைன்னு ஒருத்தரும் இல்ல. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், காது கேக்காதது, தசைச்சிதைவு, எழுத்துக் கூட்ட முடியாத கற்றல் குறைபாடு, இதெல்லாம்தான். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஏழு வகை இருந்துச்சு, 2016 சட்டத்துல 21 ஆக்கிட்டாங்க, ரத்தம் சரியா உறையாத ஹீமோபிலியா, ரத்தக் கோளாறான தலசீமியா கூட அதுல இருக்கு. ஹீமோபிலியா பையனை எப்படி வரைவீங்க? வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, ஆனா கிரவுண்டுல விழுந்தா முட்டிக்குள்ள ரத்தம் கசிஞ்சு வீங்கிரும், அதனால அவன் ஓரமா உக்காந்து ஸ்கோர் எழுதிட்டு இருப்பான். வரைய அவனுக்குக் கட்டை ஒண்ணும் கிடையாது, அதனாலயே அவன் எந்தப் புக்குக்குள்ளயும் வர மாட்டேங்குறான் போல.

வீல்சேர் வரைஞ்சா அது ஆஸ்பத்திரி வீல்சேர். பெரியவங்க சைஸ், கைப்பிடி அகலம், பின்னாடி யாரோ ஒருத்தர் தள்ளுறாங்க, பிள்ளை முகம் சோகமா இல்லாட்டி தெய்வீகமா சிரிச்சுட்டு இருக்கும். ஒரு பையன்கிட்ட அப்படி ஒரு படத்தைக் காட்டினேன், கதையை விட்டுட்டு அவன் கேட்டது என்ன தெரியுமா, 'டீச்சர், இதுல பிரேக்கே போடல, கால் வைக்கிற பலகையும் இல்ல, எங்க தெரு இறக்கத்துல விட்டா இவன் நேரா கம்மாய்லதான் போய் நிப்பான்.' அவன் சொன்னதுதான் நான் கேட்டதுலயே நல்ல புத்தக விமர்சனம். மூளை முடக்குவாதம் இருக்குற பிள்ளை உக்கார்ற கார்னர் சேர், நிக்க வைக்கிற ஸ்டாண்டிங் ஃபிரேம், கால்ல போடுற ஸ்பிளின்ட், வாய்ல எச்சி ஒழுகுனா துடைக்க கழுத்துல கட்டுற துண்டு, இதெல்லாம் தமிழ்ப் புக்ல நான் பாத்ததே இல்ல. எச்சி ஒழுகுறதை வரைஞ்சா அசிங்கமா இருக்கும்னு நினைப்பாங்க போல. நாங்க தினம் பாக்குறோம், அதுல ஒண்ணும் இல்லங்க. தன்னை மாதிரியே துண்டு கட்டுன ஒரு பிள்ளை புக்ல பலூன் ஊதுறதைப் பாத்தா எங்க பிள்ளைங்க எப்படிச் சிரிக்கும்னு எனக்குத் தெரியும், நானே ஸ்கெட்ச் பேனால வரைஞ்சு காட்டிருக்கேன், என் படம் கேவலமாத்தான் இருக்கும், அப்பவும் சிரிச்சாங்க.

சரி, நம்ம பழைய கதைங்க எப்படின்னா அங்க வேற பிரச்சனை. கூனின்னா சூழ்ச்சிக்காரி, ஒரு கால் விந்துறவன்னா வில்லன், சினிமாவுலயும் அதேதான். யானையைத் தொட்டுப் பாத்த பார்வையில்லாதவங்க கதை இருக்குல்ல, அதை எந்த ஸ்கூல்லதான் சொல்லல. பார்வை தெரியாத ஒரு எட்டு வயசுப் பிள்ளைகிட்ட அதைச் சொன்னா அது யோசிச்சுட்டு, 'ஏன் டீச்சர், அவங்க யானையைச் சுத்தி வந்து முழுசா தொட்டுப் பாக்கல?'ன்னு கேக்குது. நியாயமான கேள்வி. தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கிறவங்க ஒரு இடத்தோட நிறுத்தவே மாட்டாங்க, என் ஸ்கூட்டியையே அந்தப் பிள்ளை ஹேண்டில்ல ஆரம்பிச்சு நம்பர் பிளேட் வரைக்கும் தடவிப் பாத்துட்டுதான் விட்டுச்சு. பாக்குறவங்க உக்காந்து எழுதுன கதைன்னு அந்த ஒரு கேள்வில தெரிஞ்சு போச்சு.

ஆனா நம்மகிட்ட ஒரு தங்கச்சுரங்கம் இருக்கு, அதை யாரும் தொடல. இரட்டைப் புலவர்கள். ஒருத்தருக்குக் கண் தெரியாது, இன்னொருத்தருக்குக் கால் நடக்காது, கண் தெரியாதவர் தோள்ல நடக்க முடியாதவர் உக்காந்து வழி சொல்ல, ரெண்டு பேரும் ஊர் ஊரா போய் பாட்டுப் பாடி சம்பாதிச்சாங்க. வெண்பாவுல முதல் பாதியை ஒருத்தர் பாடுவார், மீதியை இன்னொருத்தர் முடிப்பார். அவங்களைப் பத்தின கதைகள்ல அழுகையே கிடையாது, பூரா நக்கல்தான். மதுரை பொற்றாமரைக் குளத்துல துணி துவைக்கும்போது துணி தண்ணில போயிருது, இவர் கேலியா ஒண்ணு சொல்ல அவர் அதுக்கும் மேல ஒண்ணு சொல்ல, அந்தச் சண்டையே பாட்டா நிக்குது. சாப்பாடு சரியில்லன்னா சாமியவே விட மாட்டாங்க. நானூறு ஐநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, அவங்க ரெண்டு பேரும் கண் வந்து கால் வந்து கதை முடியல, கடைசி வரைக்கும் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் உக்காந்து வாயடிச்சுக்கிட்டே திரிஞ்சாங்க. இதை விட நல்ல படக்கதை எங்க கிடைக்கும்? நல்ல ஓவியர் ஒருத்தர், பிள்ளைங்க மொழி தெரிஞ்ச எழுத்தாளர் ஒருத்தர், போதும். எங்க பிள்ளைங்ககிட்ட வாய்வழியா சொல்லிருக்கேன், துணி போற இடத்துல விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஜெயிச்சவங்க கதையே வேணாம்னு நான் சொல்ல வரல. மாரியப்பன் தங்கவேலு நம்ம சேலம் மாவட்டத்துக்காரர், அஞ்சு வயசுல பஸ் ஏறி வலது கால் நசுங்கிருச்சு, அம்மா காய்கறி வித்துக் காப்பாத்துனாங்க, ஸ்கூல் பி.டி. வாத்தியார்தான் முதல்ல கண்டுபிடிச்சு ஹைஜம்ப்புக்குத் தள்ளி விட்டார். 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டி தங்கம். இதோட நிப்பாட்டிருவாங்க எல்லாரும், கொடி, கண்ணீர், கை தட்டல். எனக்குப் பிடிச்சது அதுக்குப் பின்னாடி நடந்தது. டோக்கியோவுல 1.86, வெள்ளி. 2024 பாரிஸ்ல 1.85, வெண்கலம். உயரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கிருக்கு, ஆனா மூணு தடவையும் ஆளு மேடைல நிக்கிறார். டோக்கியோ ஃபைனல் அன்னைக்கு மழை. பாதிச்ச கால்ல போட்டிருந்த சாக்ஸ் நனைஞ்சு போச்சு, அதனால குதிக்க கஷ்டமா இருந்துச்சுன்னு அவரே போட்டி முடிஞ்சு சொன்னார். நனைஞ்ச சாக்ஸ்! அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இதைவிடப் புரியுற விஷயம் உண்டா, மழைல நனைஞ்ச சாக்ஸோட நாள் பூரா கிளாஸ்ல உக்காராத பிள்ளை யாரு? நான் புக் போடுறதா இருந்தா தங்க மெடலை ஓரமா வச்சுட்டு அந்த சாக்ஸை ரெண்டு பக்கத்துக்குப் பெருசா போடுவேன். தோத்தா என்ன பண்றது, காரணம் நம்ம கையில இல்லாதப்ப என்ன பண்றதுன்னு அது தன்னால சொல்லிரும். அதே பாரிஸ்ல நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணுங்க துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூணு பேரும் பேட்மின்டன்ல மெடல் வாங்குனாங்க, துளசிமதியும் மனிஷாவும் செமி ஃபைனல்ல ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்து ஆடுனாங்க, அப்ப அவங்க ரெண்டு பேருக்குள்ள எப்படி இருந்திருக்கும்னு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுக்க ஆசை இருக்காதா? அதை விட்டுட்டு 'ஊனத்தை வென்ற வீராங்கனை'ன்னு தலைப்புப் போட்டா மூணு பேர் கதையும் ஒரே கதையாயிருது.

சென்னை தூலிகா பதிப்பகம் போட்ட சில புக்ஸ் இந்த விஷயத்துல நல்லா வந்திருக்கு, ஒரே புக் தமிழ் உட்பட பல மொழிகள்ல வருது. ஒண்ணுல ஒரு பையன் தன் நாயோட வாக்கிங் போறான், அவ்வளவுதான் கதை, சத்தம், வாசனை, கால்ல படுறது இதெல்லாம் வந்துட்டே இருக்கும், பையன் கையில குச்சி இருக்குறதைப் படத்துல கவனிச்சாதான் அவனுக்குப் பார்வை இல்லன்னே தெரியும், புக் அதைப் பத்தி வாயே திறக்காது. இன்னொண்ணுல வீல்சேர்ல இருக்குற வாலு பொண்ணு ஒருத்தி காணாமப் போன பூனையைத் தேடிப் போய் மரத்துலயே ஏறிருவா. எங்க பிள்ளைங்களுக்கு ரெண்டாவதுதான் உசுரு, கிழிஞ்சு போயி டேப் ஒட்டி வச்சிருக்கேன். குகைக்கோயில்ல கரண்ட் போயிரும், பார்வை தெரியாத பையன்தான் எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வருவான்னு ஒரு புக்கும் இருக்கு, நல்லாத்தான் இருக்கு, பிள்ளைங்க கேட்டு வாங்கிப் படிக்கிறாங்க, ஆனா எனக்கு ஒரு சின்ன நெருடல். கரண்ட் போகலைன்னா அவனை யாரு கண்டுக்கிட்டிருப்பா? எங்க பிள்ளைங்க எல்லாரும் யாரையாச்சும் காப்பாத்திக் காட்டுனாதான் கூட்டத்துல சேத்துக்குவாங்களா? இதை நான் சக டீச்சர்கிட்ட சொன்னப்ப அவங்க ஒத்துக்கல, 'பிள்ளை ஒரு நாளாவது ஹீரோவா இருக்கட்டுமே, உனக்கென்ன'ன்னாங்க. அதுவும் சரிதான், இன்னும் நாங்க பேசி முடிக்கல.

நானா இந்தக் குறையை மட்டும் பெருசாக்கிப் பேசலங்க. 2014ல ஆஸ்திரேலியாவுல ஸ்டெல்லா யங்னு வீல்சேர்ல இருந்த ஒரு பத்திரிகைக்காரம்மா சிட்னி மேடைல இதைத்தான் கேட்டாங்க, நாங்க சும்மா உக்காந்திருந்தாலே உங்களுக்கு இன்ஸ்பிரேஷனா, படிக்கட்டைப் பாத்து எவ்வளவுதான் சிரிச்சாலும் அது சாய்தளமா மாறாதேன்னு. நம்ம சுப்ரீம் கோர்ட்டும் 2024 ஜூலைல ஒரு சினிமா கேஸ்ல, மாற்றுத்திறனாளிங்களைக் கேலிப்பொருளாவும் காட்டாதீங்க, அந்தப் பக்கம் அதிசய சக்தி இருக்குறவங்களாவும் காட்டாதீங்கன்னு சொல்லிருக்கு. சினிமாவுக்குச் சொன்னதுதான், படக்கதை போடுறவங்களும் ஒரு தடவை வாசிச்சா தப்பில்ல. 2011 சென்சஸ் கணக்குப்படியே இந்தியாவுல மாற்றுத்திறனாளிங்க 2.68 கோடி பேர் இருக்காங்க. எல்லாரும் ஹைஜம்ப் பண்ண முடியாதுல்ல.

படிக்கட்டுன்னதும் ஞாபகம் வருது. இந்தக் கதைகள்ல எல்லாம் மாறுறது பிள்ளைதான், ஸ்கூல் மாறவே மாறாது. அந்தக் கட்டை வச்ச பையன் கதையில ஒரு படத்துல ஸ்கூல் வாசல்ல மூணு படி இருந்துச்சு, கடைசிப் பக்கத்துலயும் அதே மூணு படி. பையன் ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்ச அன்னைக்குக் கூட யாரும் அங்க ஒரு சாய்தளம் கட்டல! 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே ஸ்கூல் கட்டடத்துக்குத் தடையில்லாத வழி இருக்கணும்னு போட்டிருக்கு, ஆனா எங்க பசங்க பாதிப் பேர் ஸ்கூலை விட்டு நிக்கிறது பாத்ரூம்னாலதான். காலைல இருந்து தண்ணியே குடிக்காம வந்து உக்காருவாங்க, கதவு அகலம் பத்தாது, உள்ள பிடிச்சுக்கக் கம்பி இருக்காது, பொண்ணுங்க பெரிய மனுஷி ஆனதும் வீட்டோட நிப்பாட்டிருவாங்க. அதைப் பத்தி ஒரு படக்கதை போடுங்களேன். வகுப்புப் பசங்க எல்லாம் சேந்து ஹெச்.எம். ரூமுக்குப் போய் நின்னு பாத்ரூம்ல கம்பி வைக்கச் சொல்லி நச்சரிக்கிற கதை, கொத்தனார் வர்றார், சிமெண்ட் காயுறதுக்குள்ள எவனோ கால் வச்சிர்றான், நாய் வேற ஓடுது. விடாமுயற்சி வேணும்னா அந்தப் பசங்க மொத்தமா காட்டட்டும், ஒத்தப் பிள்ளை தலைல ஏன் அத்தனையும் ஏத்தணும்.

அதே மாதிரி அக்கா தங்கச்சிங்களையும் யாரும் நினைக்கிறது இல்ல. அம்மா களை எடுக்கப் போயிட்டா தம்பியைப் பாத்துக்க ஸ்கூல் போகாம இருக்குற அக்காவை நான் வாராவாரம் பாக்குறேன், நான் வாசிக்கும்போது அது கதவோரமா நின்னு கேக்கும், அதுக்கும் ஒரு கதை வேணும். அந்தக் கதைல அது தியாகச் செம்மலா இருக்க வேணாம், தம்பி மேல கோவப்படட்டும், டூர் போக முடியலன்னு அழட்டும்.

இன்னொரு தகவல், இது பல டீச்சருக்கே தெரியறது இல்ல, உங்க பேப்பர்ல வந்தா நாலு பேருக்குப் போய்ச் சேரும். 2012ல நம்ம காப்பிரைட் சட்டத்தைத் திருத்துனாங்க, அதுப்படி ஒரு புக்கை மாற்றுத்திறனாளி படிக்கிற மாதிரி பிரெய்லாவோ ஆடியோவாவோ பெரிய எழுத்தாவோ மாத்திக் குடுக்குறதுக்குப் பதிப்பகத்துகிட்ட பர்மிஷன் வாங்கிட்டு நிக்க வேணாம், லாபத்துக்கு விக்கக் கூடாது, அவ்வளவுதான். இதே விஷயத்துக்காக மராக்கேஷ் ஒப்பந்தம்னு 2013ல உலக அளவுல ஒண்ணு போட்டாங்க, 2014ல அதை முதல்ல உறுதி பண்ண நாடே இந்தியாதான். ஆக, கடையில வாங்குன படக்கதை மேல பிரெய்ல் அடிச்ச கண்ணாடித் தாளை ஒட்டலாம், பூனைக்கு வெல்வெட் துணி, ரோட்டுக்கு உப்புத்தாள், மரத்துக்கு நிஜமாவே கொஞ்சம் பட்டைன்னு ஒட்டித் தொட்டுப் பாக்குற புக்கா மாத்தலாம். பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு லீவுல இதைக் குடுத்தா ஜாலியா பண்ணுவாங்க. காசு இல்லன்னா பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர்ங்குற வெப்சைட்ல தமிழ்க் கதைங்க ஏகப்பட்டது இலவசமா இருக்கு, இறக்கிப் பிரிண்ட் எடுத்துக்கலாம், நம்மளே பெரிய எழுத்துல போட்டுக்கலாம். காது கேக்காத பிள்ளைங்களுக்கு எழுத்தே இல்லாத படக்கதைதான் பெஸ்ட், அதுங்க பக்கத்தைப் புரட்டிக்கிட்டே சைகைல சொல்ற கதை நாம எழுதுறதை விட நல்லா இருக்கும், நான் மொழிபெயர்க்கத் திணறுவேன்.

உங்க இணைப்பு ஆளுங்ககிட்ட எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம். புக்கைப் பத்தி எழுதும்போது வீல்சேர்லயோ குச்சியோடயோ இருக்குற ஒருத்தர்கிட்ட, முடிஞ்சா சின்னப் பிள்ளைகிட்டயே, அந்தப் புக்கைக் குடுத்து என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதுங்க, எங்களை மாதிரி டீச்சரை விட அவங்க சொல்றது ஷார்ப்பா இருக்கும், கம்மாய்ல நிப்பான்னு சொன்ன பையனையே வேணா கேளுங்க. ரெண்டாவது, படம் போடுற உங்க ஓவியரை ஒரு தடவை எங்க சென்டருக்கு அனுப்பி வைங்க. பிசியோ டாக்டர் வர்ற நாளா பாத்து வந்தா நல்லது, அன்னைக்குத்தான் கார்னர் சேர், ஃபிரேம், ஸ்பிளின்ட், சின்ன சைஸ் வீல்சேர் எல்லாம் ஒரே ரூம்ல இருக்கும், பிள்ளைங்களும் இருப்பாங்க. ஸ்கெட்ச் பேனா மட்டும் எக்ஸ்ட்ரா கொண்டு வரச் சொல்லுங்க, பிடுங்கிருவாங்க.

இப்படிக்கு,
ஒரு சிறப்பு பயிற்றுநர்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.